இருநூற்றுப் பன்னிரண்டு

ஈரத்துக்கு இங்கே இரண்டு எண்கள்.
கண்ணாடிப் பெட்டிக்குள், ஆர்கான் வாயுவில்,
பத்து லட்சத்தில் அரைப் பங்கு.
பெட்டிக்கு வெளியே, தரமணியில், மாலை நாலு மணிக்கு
எண்பத்தொரு சதவீதம்.
இரண்டுக்கும் நடுவில் என் கைகள்,
கறுப்பு ரப்பருக்குள் வியர்த்தபடி.

லித்தியத் தகட்டைச் சுரண்டினால்
கடையிலிருந்து வந்த எவர்சில்வர் டம்ளரின் பளபளப்பு.
வெளியே எடுத்தால்
இந்த ஊர்க் காற்றில் நிமிடங்களில் கறுத்துவிடும்.

அதற்குக் கெட்ட பழக்கம் ஒன்று உண்டு.
மின்னேற்றும்போது சமமாகப் படியத் தெரியாது.
எங்கேயோ துளி மேடு விழுந்தால் போதும்,
பின்னால் வருவதெல்லாம் அந்த மேட்டையே தேடிப் போகும்,
காசு காசிடம் போவதைப்போல.
மேடு முள்ளாகும். முள் கிளை விடும்.
கிளை ஒருநாள் நடுத்திரையைத் துளைத்து
எதிர்க்கரையைத் தொடும்.
அன்றைக்குப் புகை.

உலோகத்தைத் திருத்த நான் முயலவில்லை.
அது மூழ்கிக் கிடக்கும் திரவத்தைத்தான்
மாற்றிக்கொண்டிருக்கிறேன்,
மூன்று வருடமாக, சொட்டுச் சொட்டாக.

பழைய கரைப்பான் நல்லதுதான்,
அளவுக்கு மீறி நல்லது.
அயனியைக் கண்டதும் கட்டிக்கொள்ளும்.
காலை ஒன்பது மணிக்கு
கிண்டியில் ரயிலை விட்டு இறங்குகிறவனோடு
இறங்க வேண்டாத நாலு பேரும் இறங்கிவிடுவார்களே,
அப்படி ஒட்டிக்கொண்டே உலோகம் வரை வந்து
அங்கே சிதைந்து குப்பையாகும்.

புதியதற்குப் பிடிப்புக் குறைவு.
ஃப்ளூரின் ஏற்றிய ஈதர்.
விலைப்பட்டியலைப் பார்த்து ஸ்டோர்ஸ் கமலநாதன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.
அது அயனியை இறுக்கிப் பிடிக்காததால்
உப்பின் மறுபாதி கூடவே வந்து,
உலோகத்தின்மேல் உடைந்து,
ஆறிய பாலில் ஏடு படிவதுபோல
ஒரு தோலாகப் படிகிறது.
லித்தியம் அதன் வழியே போகலாம், வரலாம்.
கரைப்பானுக்கு அனுமதி இல்லை.
தோலுக்கு அடியில் முள்ளுக்குப் பதில்
கூழாங்கற்கள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம்.
பழைய திரவத்தில் லித்தியம்
நாங்கள் இட்ட உப்பை நாற்பது முறை நினைத்தது.
இதில் இருநூற்றுப் பன்னிரண்டு.

இருநூற்றுப் பதின்மூன்றில் கரண்ட் போயிற்று.

பதினேழாம் எண் கலத்தின் குற்றமல்ல.
டிசம்பர் மழை, எங்கோ ஒரு டிரான்ஸ்ஃபார்மர்.
மின்சாரத்தைச் சேமிக்க ஆராயும் இந்த அறையில்
யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாதம்.
இருட்டில் ஷப்னம் சிரித்தாள்.
நானும் சிரித்தேன், கொஞ்ச நேரம்.

கீழே பிரியாணி வந்திருந்தது.
கொண்டுவந்தவன் தன் மின்ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி
பேட்டரிமேல் பாலிதீன் பையைச் செருகிக்கொண்டிருந்தான்.
“நனைஞ்சா வெடிக்குமா மேடம்?
இங்க பேட்டரி படிக்கிறாங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு.”
அது வேறு வகை, அவ்வளவு சுலபமாக வெடிக்காது என்றேன்.
“நீங்க பண்றது எத்தன வாட்டி சார்ஜ் ஏறும்?”
இருநூற்றுப் பன்னிரண்டு.
சொல்லும்போது குரல் நிமிர்ந்ததை
நானே கேட்டேன்.
அவன் ஈர விரல்களை மடக்கினான்.
“நாளைக்கு ரெண்டு வாட்டி ஏத்துறேன்…
மூணரை மாசம்தானா?”
கேலி இல்லை. கணக்கு.
ரெயின்கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு
முழங்கால் தண்ணீரில் வண்டியைத் தள்ளிப்போனான்.

பதினொன்று நாற்பதுக்கு விளக்கு வந்தது.
பெட்டியின் எண் அரையிலிருந்து முப்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது.
அது இறங்கக் காத்திருந்தோம், பிரியாணி ஆறிப்போக.
முப்பது. இருபத்தாறு. இருபத்தாறு.
அடுத்த கலவையில் உப்பை இன்னும் கூட்டலாம் என்று
நோட்டில் எழுதினேன்.
ஓரத்தில், பேனாவை அழுத்தி, மூணரை மாசம்.

ஒன்றரை மணிக்கு
மறுபடி கையுறைக்குள் கை விட்டேன்.
உள்ளே இன்னும் மாலை நாலு மணியின் வியர்வை.